பானைக்குள் ஸ்பீக்கர் வைத்தவனுக்கு

அன்புள்ள மாதவா,

உன் கடிதம் வந்து பத்து நாளாகிறது. பதில் தாமதமானதற்கு முழங்கால்தான் காரணம் என்றால் நம்பமாட்டாய், எழுதுவது கையால்தானே என்பாய். வலி இருக்கும்போது நாற்காலியில் சேர்ந்தாற்போல் உட்கார முடியவில்லை, அவ்வளவுதான். இப்போது தேவலை. படி இறங்கும்போது மட்டும் தன்னை ஞாபகப்படுத்துகிறது.

மகள் வேலைக்குப் போனபின் காலியாகக் கிடக்கும் அறையை ஹோம் தியேட்டர் ஆக்கப்போவதாக எழுதியிருந்தாய். 10-க்கு 12 அடி என்று படித்ததும் சிரித்துவிட்டேன். விடுதியில் நம் அறையும் ஏறக்குறைய அந்த அளவுதான். ஒற்றை ஸ்பீக்கரை மண்பானை வாயில் கவிழ்த்து வைத்து, "பேஸ் எப்படி அடிக்குது பார்" என்று பக்கத்து அறைக்காரர்களையெல்லாம் கூப்பிட்டவன் நீ. பானை ஒரே சுருதியில் முனகியதைத்தான் நாம் பேஸ், அதாவது ஆழமான அடித்தொனி, என்று கொண்டாடினோம் என்பது எனக்குப் புரிய வெகுகாலம் ஆயிற்று. அந்தப் பானையைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

ஒலியைப் பெருக்கி ஸ்பீக்கர்களுக்கு அனுப்பும் ரிசீவர் 100 வாட்ஸ் போதுமா, 150 வேண்டுமா என்று கேட்டிருக்கிறாய். முதலில் அந்தக் கேள்வியை ஓரமாக வை. பெட்டியின் மேல் பெரிய எழுத்தில் போடும் வாட்ஸ், பெரும்பாலும் ஒரே ஒரு சேனலை, அதாவது ஒரு ஸ்பீக்கருக்கான வழியை மட்டும் ஓட்டி, 6 ஓம்ஸ் மின்தடையில், 1 கிலோஹெர்ட்ஸ் என்ற ஒரே சுருதியில், 10 சதவீதம் வரை ஒலி சிதைந்தாலும் பரவாயில்லை என்று அளந்தது. அதே கருவியின் விவரத்தாளில் பொடி எழுத்தில் "8 ஓம்ஸ், 20 ஹெர்ட்ஸ் முதல் 20 கிலோஹெர்ட்ஸ் வரை, 2 சேனல்" என்று இன்னொரு எண் இருக்கும். இரண்டு மாடலை ஒப்பிடுவதென்றால் அந்த எண்ணை வைத்து ஒப்பிடு.

ஒரு கணக்குப் போட்டுப் பார். சாதாரண ஸ்பீக்கர் ஒன்று 1 வாட் கொடுத்தால் 1 மீட்டரில் 88 டெசிபல் தரும் என்று வை. நீ உட்காரப்போவது 2 மீட்டர் தள்ளி. தூரம் இரட்டித்ததால் 6 போனால்கூட 82. வாட்ஸைப் பத்து மடங்காக்கினால் 10 டெசிபல் கூடும், ஆக 10 வாட்ஸில் 92. அந்தச் சத்தத்தில் தங்கச்சி உன்னிடம் ஏதாவது சொல்ல வேண்டுமென்றால் கத்தித்தான் சொல்ல வேண்டும். 100-லிருந்து 150-க்குப் போனால் கூடுவது 2 டெசிபல்கூட இல்லை. அதற்கா கூடுதல் காசு?

நான் அப்படித்தான் ஏமாந்தேன். யாரும் ஏமாற்றவில்லை, நானே போய் விழுந்தேன். வாட்ஸ் பெரிது, ஏழு ஸ்பீக்கரும் பேஸுக்கென்றே ஒரு சப்வூஃபரும் ஓடும் 7.1 வேறு என்று வாங்கிவந்தேன். சோபா பின்சுவரை ஒட்டிக் கிடக்கிறது, பின்னால் வைக்க வேண்டிய இரண்டு ஸ்பீக்கருக்கு இடமே இல்லை. மூன்று வருடம் அவை அட்டைப்பெட்டியிலேயே தூங்கின. போதாததற்கு ரிசீவரைக் கண்ணாடிக் கதவு போட்ட அலமாரிக்குள் வைத்தேன். படம் உச்சத்துக்குப் போகும்போதெல்லாம் தானாக அணைந்துவிடும். பழுது பார்க்க வந்த பையன் ஒரு திருகைக்கூடக் கழற்றவில்லை. அலமாரிக் கதவைத் திறந்து வைத்தான், "சூடு சார்" என்றான், போய்விட்டான்.

அதனால் உனக்கு 5.1 போதும். முன்னால் மூன்று, பக்கவாட்டில் கொஞ்சம் பின்தள்ளி இரண்டு, ஒரு சப்வூஃபர். யமஹா ஆர்எக்ஸ்-வி385, சோனி எஸ்டிஆர்-டிஎச்590 போன்றவையெல்லாம் இந்த வகைதான். அவற்றில் நீ பார்க்க வேண்டியது, உன் செட்-டாப் பாக்ஸ், ப்ளேயர் எல்லாம் செருகியபின் ஒரு எச்டிஎம்ஐ துளையாவது மிஞ்சுகிறதா என்பது. டிவிக்குள் இருக்கும் ஆப்களின் ஒலி ரிசீவருக்குத் திரும்பி வர ஏஆர்சி என்ற எச்டிஎம்ஐ வசதி வேண்டும். அதன் புது வடிவமான இஏஆர்சி இல்லையே என்று கவலைப்படாதே, ஆப்களில் வரும் 5.1 ஒலிக்கு ஏஆர்சியே தாங்கும். ப்ளூ-ரே ப்ளேயரை டிவியில் செருகாமல் நேரே ரிசீவரில் செருகிவிட்டால் அந்தப் பேச்சுக்கே இடமில்லை. பழைய ரிசீவர் மலிவாகக் கிடைக்கிறது என்று எழுதியிருந்தாயே, அதில் எச்டிசிபி 2.2 என்ற நகல் தடுப்பு முறை இருக்கிறதா என்று கேள். இல்லையென்றால் 4கே படம் அதன் வழியாக டிவிக்குப் போகாது. படத்தை நேரே டிவிக்குக் கொடுத்து, ஆப்டிகல் கம்பியில் ஒலியை மட்டும் இறக்கலாம்தான். ஆனால் ஒவ்வொரு ராத்திரியும் மூன்று ரிமோட்டைத் தேடுவாய்.

சரி, பானைக்கு வருகிறேன். உன் அறையே ஒரு பானைதானடா. 12 அடி நீளச் சுவர்களுக்கு நடுவே சுமார் 47 ஹெர்ட்ஸிலும், 10 அடி அகலத்தில் சுமார் 56 ஹெர்ட்ஸிலும் ஒலி முன்னும் பின்னும் மோதி ஊதிப் பெருக்கும். சப்வூஃபரை மூலையில் வைத்தால் அது இன்னும் கூடும். ஒரு இடத்தில் உட்கார்ந்தால் நெஞ்சு அதிரும், இரண்டடி நகர்ந்தால் பேஸே காணாமல் போகும். இதை எந்த வாட்ஸும் சரிசெய்யாது. ஒரு வழி இருக்கிறது, கேலி செய்யாதே. நீ உட்காரும் இடத்தில் சப்வூஃபரை வை. பேஸ் உள்ள பாட்டு ஒன்றை ஓடவிட்டு, சுவரோரமாகத் தவழ்ந்து போ. எங்கே முனகல் இல்லாமல் தெளிவாகக் கேட்கிறதோ, சப்வூஃபரை அங்கே கொண்டுபோய் வை. என் முழங்கால் இருந்த லட்சணத்தில் நான் தவழ்ந்ததைப் பார்த்த பேரன் இன்னும் அதைச் செய்துகாட்டுகிறான்.

அதன்பின் ரிசீவரோடு வரும் மைக்கை நீ உட்காரும் இடத்தில், காது உயரத்தில் நிறுத்தி அளவெடுக்க விடு. யமஹாவில் அதற்குப் பெயர் ஒய்பாவோ, டெனான் மாடல்கள் பலவற்றில் ஆடிஸி. இந்த மைக் இல்லாத ரிசீவரை வாங்காதே. அளந்து முடித்ததும் மெனுவைத் திறந்து பார். ஸ்பீக்கர்களை "லார்ஜ்" என்று போட்டிருந்தால் "ஸ்மால்" என்று மாற்றி, பேஸை சப்வூஃபருக்குப் பிரித்துவிடும் எல்லையான கிராஸ்ஓவரை 80 ஹெர்ட்ஸில் வை. ஸ்மால் என்றால் உன் ஸ்பீக்கருக்கு மரியாதைக் குறைவு ஒன்றும் இல்லை. கனத்த வேலையை சப்வூஃபரிடம் தள்ளிவிடுகிறோம், ரிசீவருக்கும் மூச்சு விட இடம் கிடைக்கும்.

அப்புறம், ரிசீவரில் மிச்சம் பிடித்த காசை நடு ஸ்பீக்கரில் போடு. வசனம் பெரும்பாலும் அதில்தான் வருகிறது. நம் வயதில் வெடிச்சத்தம் குறைந்தால் யாரும் அழப்போவதில்லை, பேசுவது புரியாவிட்டால்தான் எரிச்சல். இரவில் பார்ப்பதற்கு ஒலியின் ஏற்ற இறக்கத்தைக் குறுக்கும் வசதியும் மெனுவில் இருக்கும், அதைப் போட்டுக்கொள். தரையில் ஒரு கம்பளமும் ஜன்னலுக்குக் கனமான திரையும் போட்டால் பேச்சு இன்னும் துலங்கும்.

கடைக்குப் போகுமுன் இரண்டு அளவு எடுத்து எனக்கு எழுது. சோபாவுக்கும் பின்சுவருக்கும் நடுவே எத்தனை அடி? அலமாரியின் ஆழம் எத்தனை அங்குலம்? பின்னால் கம்பிகள் வளையவும் இடம் வேண்டும், அதை மறந்து நான் ஒரு பலகையை அறுக்க வேண்டியிருந்தது. அலமாரிக்குக் கதவு இருந்தால் அதையும் சொல்.

உன்,
சிவராமன்