சேவியருக்கு, ஒரு வலையைப் பற்றி

திருவான்மியூர்,
12 ஏப்ரல் 2025

அன்புள்ள சேவியர்,

உன் கடிதம் வந்து மூன்று வாரம் ஆகிறது. மார்ச் கடைசியில் பேங்க் வேலை எப்படி இருக்கும் என்று உனக்குத் தெரியும். இன்றைக்குத்தான் நிதானமாக உட்கார முடிந்தது. அம்மாவின் முழங்கால் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்ததில் எங்கள் எல்லோருக்கும் நிம்மதி. கொஞ்ச நாளைக்கு மாடிப்படி ஏற விடாதே. நாளை குருத்தோலை ஞாயிறு. வீட்டில் எல்லோருக்கும் ஈஸ்டர் வாழ்த்தை இப்போதே சொல்லிவிடு.

"இந்த வயசில் முதுகில் டேங்க்கைக் கட்டிக்கொண்டு கடலுக்குள் போய் என்னடா செய்கிறாய், குப்பை பொறுக்கவா?" என்று கேட்டிருந்தாய். பொறுக்கத்தான் போகிறேன். போன ஞாயிற்றுக்கிழமை நடந்ததைச் சொன்னால் உனக்கே புரியும்.

நீலாங்கரைக்கு நேரே கடலில் 15 மீட்டர் ஆழத்தில் ஒரு பார், அதாவது கடலடிப் பாறைத் திட்டு, இருக்கிறது. உங்கள் மன்னார் வளைகுடாத் தண்ணீர் மாதிரி எங்கள் தண்ணீரை நினைக்காதே. பாதி நாள் கலங்கல்தான், நீட்டிய கை தெரிந்தால் பெரிது. அன்றைக்கு ஏழெட்டு மீட்டர் தெரிந்தது. நாங்கள் நாலு பேர் இறங்கினோம். பாரின் ஒரு பக்கம் முழுக்க நரம்பு வலை, நைலான் இழையில் பின்னியது. நீரோட்டம் வரும்போதெல்லாம் ஒரு மூலை எழும்பி எழும்பி அடங்கியது. கிட்டே போனால் உள்ளே மீன் முள். தலை மட்டும் மிச்சமிருந்த ஒரு சங்கரா. அதைத் தின்ன வந்து மாட்டிய நண்டு ஒன்று, இரண்டு கொடுக்கிலும் நரம்பு சுற்றி, ஒரு கால் ஏற்கெனவே போய்விட்டது. ஆனால் உயிர் இருந்தது, கண் அசைந்தது.

அதை விடுவிக்க எனக்கு நாலு நிமிடம் ஆனது. இழுக்கக் கூடாது, இழுத்தால் கொடுக்கு கழன்றுவிடும். கத்தரியின் நுனியை ஓட்டுக்கும் நரம்புக்கும் நடுவில் நுழைத்து ஒவ்வொரு இழையாக வெட்டினேன். கடைசி இழை அறுந்ததும் மணலில் விழுந்து, ஒரு நொடி அசையாமல் இருந்து, பக்கவாட்டில் ஓடிப் பாரின் இடுக்கில் புகுந்துகொண்டது.

இப்படிக் கிடக்கும் வலைக்குப் பேய் வலை என்று பேர். பொருத்தமான பேர்தான். ஆள் இல்லாமல் அதுபாட்டுக்கு மீன் பிடிக்கும். செத்த மீனின் வாடைக்கு நண்டு வரும், நண்டுக்குப் பெரிய மீன் வரும், எல்லாம் மாட்டும். உன் தாத்தா காலத்துப் பருத்தி வலை தொலைந்தால் சில மாதங்களில் இற்றுப்போகும். நைலான் அவ்வளவு சீக்கிரம் இற்றுப்போவதில்லை.

வலையை எடுப்பதிலும் ஒரு கணக்கு இருக்கிறது. பாரோடு ஒட்டி, மேலே பாசியும் உயிரும் வளர்ந்துவிட்ட பகுதியைப் பிய்த்தால் பாரும் சேர்ந்து பிய்யும். அதை விட்டுவிட்டு ஆடுகிற பகுதியை மட்டும் வெட்டினோம். வெட்டியதைக் காற்றுப் பையில் கட்டி மேலே அனுப்ப வேண்டும். 15 மீட்டரில் அடைத்த காற்று மேலே வரும்போது இரண்டரை மடங்காக விரியும், அதனால் போகப் போகப் பையின் வேகம் கூடும். அந்த நேரத்தில் கயிறோ வலையோ உன்மேல் சிக்கியிருந்தால் உன்னையும் சேர்த்துத் தூக்கிக்கொண்டு போய்விடும். அவ்வளவு வேகமாக மேலே வருவது நுரையீரலுக்கே ஆபத்து. அதனால் ஒருவர் வெட்ட, இன்னொருவர் வெட்டுபவரையே பார்த்துக்கொண்டிருப்பார். மூச்சுக்குக் காற்று மிச்சம் வைத்துக்கொண்டு, 5 மீட்டரில் மூன்று நிமிடம் நின்று, அப்புறம்தான் வெளியே தலை காட்டுவோம்.

கரையில் வலையைப் பிரித்துப் போட்டபோது பச்சைப் பெயிண்ட் அடித்த மிதவை ஒன்று கிடைத்தது. அதில் இரண்டு எழுத்து. குப்பத்தில் மீன் ஏலம் போடும் இடத்துக்கு அதை எடுத்துக்கொண்டு போனேன். கையில் வாங்கிப் பார்த்தவர்கள் ஒரு பெரியவரைக் கூட்டி வந்தார்கள். அவர் மிதவையைவிட வலையின் முடிச்சைத்தான் பார்த்தார். "என்துதான் சார். மிக்ஜாம் புயல்ல போச்சு" என்றார். 2023 டிசம்பரில் தொலைந்த வலை, பதினாறு மாதமாகக் கீழே மீன் பிடித்துக்கொண்டிருந்திருக்கிறது. முள்ளையும் நண்டு ஓட்டையும் விரலால் ஒதுக்கி ஒதுக்கிப் பார்த்துக்கொண்டே இருந்தார். "வேணும்னே யாரு சார் வுடுவாங்க? கடன் வாங்கிப் போட்ட வலை" என்றார்.

இந்த ஒரு வாக்கியம் எனக்கு நிறையச் சொல்லிக்கொடுத்தது, சேவியர். நாங்கள் தண்ணீருக்குள் வலையைப் பார்த்ததும் மீனவர்கள்மேல் கோபப்பட்டுக்கொண்டு வருவோம். நானும் அப்படித்தான் இருந்தேன். வலை போனால் அவருக்குப் பணமும் போகிறது, மீனும் போகிறது. அன்றைக்கே அவர் இன்னும் மூன்று இடம் சொன்னார். எங்கே நின்றால் கோயில் கோபுரமும் ஒரு செல்போன் டவரும் ஒரே கோட்டில் தெரியும், அங்கே கீழே என்ன பார், எந்த மாசம் தெளிவு இருக்கும் என்று விவரமாகச் சொன்னார். என் மணிக்கட்டில் இருக்கும் கம்ப்யூட்டருக்கு அதெல்லாம் தெரியாது. தொலைந்த வலையைத் திட்டு வாங்காமல் சொல்லலாம் என்ற நம்பிக்கை குப்பத்தில் வரவேண்டும். ஸ்கூபா போகிறவர்கள் முதலில் சம்பாதிக்க வேண்டியது அதைத்தான் என்று நினைக்கிறேன்.

ஒரு தப்பையும் சொல்லிவிடுகிறேன். கற்றுக்கொண்ட முதல் வருஷம் போட்டோ எடுக்கும் ஆசையில் மிதப்பைச் சரியாக வைத்துக்கொள்ளாமல், துடுப்புக் காலால் ஒரு கடல் விசிறியை, விசிறி மாதிரி வளரும் பவள வகையை, உடைத்துவிட்டேன். சிவப்பாக, முழங்கை உயரம் இருந்தது. அது அவ்வளவு வளர எத்தனை வருஷம் ஆகியிருக்கும்! அதற்கப்புறம் ஆறு மாதம் கேமராவைத் தொடவில்லை. நீச்சல் குளத்தில் தரையையும் தொடாமல், மேலேயும் போகாமல், மூச்சை மட்டும் வைத்து ஒரே மட்டத்தில் நிற்கப் பழகினேன். அது கைவராதவர்கள் கடலைச் சுத்தம் செய்ய இறங்கவே கூடாது, நல்ல மனசு மட்டும் போதாது.

பிளாஸ்டிக்கைப் பற்றி நீ கேட்டதற்குச் சுருக்கமாகச் சொல்கிறேன். வடகிழக்குப் பருவமழை முடிந்தால் அடையாறும் கூவமும் கொண்டுவந்து தள்ளியதெல்லாம் கீழே கிடக்கும். ஒருமுறை பயன்படுத்தும் பிளாஸ்டிக்குக்கு இங்கே 2019 ஜனவரியிலேயே தடை வந்துவிட்டது, இன்னமும் தடை செய்த பைதான் கைக்குக் கிடைக்கிறது. அதை ஆற்றின் வாயிலேயே தடுக்காமல் எங்களால் அள்ளி மாளாது. ஆனால் எடுத்ததை எண்ணி எழுதி வைக்கிறோம். எந்த இடம், எவ்வளவு ஆழம், எத்தனை பை, எத்தனை வலைத் துண்டு என்று. ஸ்கூபா கற்றுத்தரும் பாடி (PADI) நிறுவனத்தோடு சேர்ந்த புராஜெக்ட் அவேர் அமைப்பு 2011-ல் உலகம் முழுக்க இந்தக் கணக்கெடுப்பைத் தொடங்கியது. கரையில் நிற்பவருக்குக் கடலின் மேல்பரப்பு மட்டும்தான் தெரியும். கீழே இருப்பதை இறங்கிப் பார்த்தவர்கள்தானே சாட்சி சொல்ல முடியும்?

இந்த ஜனவரியை நினைத்தால் இன்னும் வயிறு கலங்குகிறது. பங்குனி ஆமைகள் முட்டையிடக் கரை தேடி வரும் காலம் அது. தமிழ்நாட்டுக் கரையில் ஆயிரத்துக்கும் மேல் செத்து ஒதுங்கின, பெரும்பாலும் எங்கள் சென்னைப் பக்கம். விடிகாலையில் நடக்கப் போனால் கண்ணும் கழுத்தும் வீங்கிப்போய் மணலில் கிடக்கும். ஆமைக்கு நம்மைப் போல நுரையீரல்தானே, இழுவலைக்குள் மாட்டினால் மேலே வந்து மூச்செடுக்க முடியாமல் மூழ்கிச் சாகும். கரையிலிருந்து 5 கடல் மைலுக்குள் இழுவைப் படகு வலை இழுக்கக் கூடாது என்று சட்டம் இருக்கிறது. வலையில் ஆமை தப்பிக்க வழி வைக்க வேண்டும் என்றும் விதி இருக்கிறது. வரும் 15-ஆம் தேதியிலிருந்து 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். ஆனால் ஆமைகள் வருவது அதற்கு முன்னாலேயே. மாணவர்கள் 1988-லிருந்து நீலாங்கரை, பெசன்ட் நகர்க் கரையில் ராத்திரி நடந்து முட்டைகளைக் காப்பாற்றுகிறார்கள். என் மகள் இந்த வருஷம் இரண்டு ராத்திரி அவர்களோடு போனாள். திரும்பி வந்தவள் ரொம்ப நேரம் பேசவே இல்லை.

உங்கள் தூத்துக்குடியில் வான் தீவைச் சுற்றிச் செயற்கைப் பார் போட்டிருக்கிறார்களே, அதைப் பார்க்க டிசம்பரில் வரலாமா என்று யோசிக்கிறேன். ஒரு காலத்தில் பவளத்தை வெட்டிச் சுண்ணாம்புக்கு விற்ற கடலில், பவளம் வளர்க்க இறங்குகிறவர்களைப் பார்க்க ஆசை.

அப்புறம் ஒரு விஷயம். காலேஜ் முதல் வருஷம் உன் வீட்டுக்கு வந்தபோது, சங்கு குளிக்கப் போன கதையெல்லாம் உன் தாத்தா திண்ணையில் உட்கார்ந்து சொன்னார். காலில் கட்டி இறங்குகிற கல் ஒன்று துளசிச் செடிக்குப் பக்கத்தில் கிடந்தது, என்னைத் தூக்கிப் பார்க்கச் சொன்னார். நான் இப்போது இடுப்பில் ஆறு கிலோ ஈயம் கட்டிக்கொண்டு இறங்குகிறேன். ஒவ்வொரு தடவையும் அந்தக் கல் ஞாபகம் வருகிறது. அது இன்னும் வீட்டில் இருக்கிறதா? இருந்தால் எடை போட்டு எழுது.

அன்புடன்,
கண்ணன்