ஞாயிற்றுக்கிழமை கமிட்டி கூடுவதற்கு முன்

காரைக்குடி,
மார்கழி, செவ்வாய் இரவு

அன்புள்ள நண்பா,

உன் கடிதம் வெள்ளிக்கிழமை வந்தது. தங்கச்சிக்கு முழங்கால் வலி குறைந்திருக்கிறது என்று படித்ததும் மனசுக்கு நிம்மதி. இங்கே எல்லாரும் சுகம். இந்த வருட மழையில் ஊருணி முக்கால்வாசி நிரம்பியிருக்கிறது. வீட்டில் இரண்டாம் கட்டு ஓடு மாற்றும் வேலைதான் இழுத்துக்கொண்டே போகிறது. நல்ல ஆள் கிடைப்பதில்லை.

சரி, நீ எழுதிய விஷயத்துக்கு வருகிறேன். இதைப் போனில் பேசினால் பாதியிலேயே நம் இருவர் குரலும் உயர்ந்துவிடும். அதனால்தான் உட்கார்ந்து எழுதுகிறேன். "ஐந்து ஆட்டத்தில் ஒரே ஒரு டிரா, நாலு தோல்வி. இன்னும் என்ன யோசனை? உடனே கோச்சை மாற்றுங்கள்" என்று எழுதியிருக்கிறாய். நம் ஃபுட்பால் கிளப் கமிட்டியில் ஏழு பேர். மூன்று பேர் மாற்ற வேண்டும் என்கிறார்கள், மூன்று பேர் வேண்டாம் என்கிறார்கள். ஏழாவது ஆள் நான். ஞாயிற்றுக்கிழமை என் கை எந்தப் பக்கம் எழுகிறதோ அதுதான் முடிவு. பத்து அணியில் நாம் ஒன்பதாவது. கடைசி இரண்டு இடத்தில் முடித்தால் அடுத்த வருடம் கீழ்ப் பிரிவு. இதெல்லாம் தெரிந்துதான் மூன்று வாரமாகத் தூக்கம் சரியில்லை.

அந்த நாலு தோல்வியை முதலில் ஒவ்வொன்றாகச் சொல்லிவிடுகிறேன், நீ ஸ்கோரை மட்டும்தான் பார்த்திருப்பாய். முதல் ஆட்டத்துக்கு ஒரு வாரம் முன்னால் நம் கீப்பருக்குத் திருப்பூரில் வேலை கிடைத்துப் போய்விட்டான். போகாதே என்று யார் சொல்ல முடியும்? இப்போது நிற்பவன் பன்னிரண்டாம் வகுப்புப் பையன். இரண்டு ஆட்டம் ஒன்றுக்குச் சைபர், இரண்டிலும் கோல் விழுந்தது கடைசிப் பத்து நிமிடத்தில். இன்னொன்று பெனால்டியில் போனது. நாலாவதுதான் நாலுக்குச் சைபர். அன்றைக்கு மழை பெய்து கிரவுண்ட் செம்மண் சேறாகக் கிடந்தது. கோலுக்கு முன்னால் நடுவில் நிற்கும் நம் ஸ்டாப்பர் பேக் இருவரும் வேகமில்லாதவர்கள். அவர்களைப் போய் நடுக்கோடு வரை ஏறி நிற்கச் சொன்னான் நம் கோச் தம்பி. பின்னால் பந்தைத் தூக்கிப் போட்டுப் போட்டே எதிரணி கோல் அடித்தது. அது முழுக்க அவன் தப்பு. மறைக்க மாட்டேன், அவனிடமும் சொல்லிவிட்டேன்.

நீ 2019-ஐ நினைவுபடுத்தியிருக்கிறாய். எனக்கும் மறக்காது. பல்லவனில் வந்து இறங்கிய கையோடு நீ என்னை நேரு ஸ்டேடியத்துக்கு இழுத்துப் போனாய். சென்னையின் எஃப்சி அந்த சீசனில் முதல் நாலு ஆட்டத்தில் ஒரு கோல்கூட அடித்திருக்கவில்லை. ஐந்தாவது ஆட்டம் ஹைதராபாத்துடன். தொண்ணூறு நிமிடம் வரை சைபர், பாதிப் பேர் எழுந்து வாசல் பக்கம் நடந்துகொண்டிருந்தார்கள். இஞ்சுரி டைமில் நாம் ஒன்று, அவர்கள் ஒன்று, மறுபடி நாம் ஒன்று. முன்பின் தெரியாத ஆளையெல்லாம் நீ கட்டிப்பிடித்தாய்! அடுத்த ஆட்டம் ஒடிசாவுடன் டிரா. நவம்பர் 30-ஆம் தேதி கோச் ஜான் கிரெகரி விலகினார். சில நாளிலேயே ஓவன் கோய்ல் வந்தார். வால்ஸ்கிஸ், கிரிவெல்லாரோ என்று ஆட்கள் அதேதான். அந்த அணி நாலாவது இடத்துக்கு ஏறி, அரையிறுதியில் கோவாவை மொத்தம் 6-5 என்று தாண்டி, 2020 மார்ச் 14-இல் ஆளே இல்லாத ஃபதோர்டா ஸ்டேடியத்தில் ஃபைனல் ஆடியது. ஏடிகேயிடம் 3-1 என்று தோற்றாலும், அந்த மாற்றம் சரியான மாற்றம். ஒத்துக்கொள்கிறேன்.

ஆனால் அதற்கு முன்பின் நடந்ததையும் சேர்த்துப் பார். கிரெகரி 2018-இல் பெங்களூருக்கே போய் பெங்களூரு அணியை 3-2 என்று வென்று கோப்பை கொண்டுவந்தவர். அடுத்த சீசனில் அணி கடைசி இடம். அப்போதும் அவரை வைத்துக்கொண்டார்கள். ஒரு முழு சீசன் பொறுத்து, அதற்கு மேலும் ஆறு ஆட்டம் பார்த்த பிறகுதான் அவர் போனார். கோய்ல் வந்தபோது மிச்சம் பன்னிரண்டு ஆட்டம் இருந்தது. நம்மிடம் இருப்பது நாலு.

அதே கிளப் 2015-இல் சீசன் நடுவில் கடைசி இடத்தில் கிடந்தது. கோச் மாத்தராத்ஸியை யாரும் தொடவில்லை. டிசம்பரில் சென்னையே வெள்ளத்தில் மூழ்கி, சொந்த மண்ணில் ஆட வேண்டிய அரையிறுதியைப் புனேயில் ஆடினார்கள். ஃபைனலில் கோவா 2-1 என்று முன்னால் நின்றபோது நான் டிவியை அணைக்கப் போனேன். கடைசி நிமிடங்களில் இரண்டு கோல், இரண்டாவது மெண்டோசா. கோப்பை வந்தது. அப்புறம் 2022 பிப்ரவரியில் கோவாவிடம் 5-0 தோல்வி, உடனே பண்டோவிச்சை அனுப்பிவிட்டு சபீர் பாஷாவிடம் பொறுப்பைக் கொடுத்தார்கள். எட்டாவது இடத்தில்தான் முடிந்தது. ஒரே கிளப்பில் மூன்று கதை இருக்க, நீ ஒன்றை மட்டும் எடுத்துக்கொண்டு வாதாடுவது நியாயமா?

வெளிநாட்டுக் கதையிலும் இப்படித்தான். பொறுமைக்கு உதாரணம் என்று எல்லாரும் மான்செஸ்டர் யுனைடெட் கோச்சாக இருந்த ஃபெர்குசனைச் சொல்வார்கள். 1990 ஜனவரியில் நாட்டிங்ஹாம் ஃபாரஸ்டுடன் மார்க் ராபின்ஸ் அடித்த கோல் அவர் வேலையைக் காப்பாற்றியது என்பார்கள். அதே ஃபெர்குசன் 1986 நவம்பரில், சீசன் நடுவில், இன்னொருவரை நீக்கிய இடத்துக்கு வந்தவர் என்பதை யாரும் சொல்வதில்லை. செல்சி 2012-லும் 2021-லும் பாதியில் ஆளை மாற்றி ஐரோப்பியக் கோப்பையே வாங்கியது, சரிதான். பணம் கொட்டிச் சேர்த்த ஆட்டக்காரர்கள் அங்கே ஏற்கெனவே இருந்தார்கள். ஏறத்தாழ பத்து வருடம் கோச்சாக இருந்த ஷான் டைச்சை 2022 ஏப்ரலில், எட்டு ஆட்டம் மிச்சம் இருக்கும்போது பர்ன்லி நீக்கியது. கடைசி நாளில் கீழே இறங்கிவிட்டது. லீட்ஸ் அடுத்த சீசனில் மார்ஷ், கிராசியா, அலர்டைஸ் என்று ஒருவர் பின் ஒருவராக வைத்துப் பார்த்தது. அதுவும் இறங்கியது.

நெதர்லாந்து லீக்கில் 1986 முதல் 2004 வரை நடந்த ஆட்டங்களை வைத்து ஒரு பொருளாதார ஆய்வாளர் கணக்குப் போட்டிருக்கிறார். தொடர்ந்து தோற்று கோச்சை மாற்றிய அணியும், அதே அளவு தோற்றும் மாற்றாத அணியும் ஏறத்தாழ ஒரே மாதிரிதான் மீண்டிருக்கின்றன. காய்ச்சல் ஏழாம் நாள் தானே இறங்கும். ஆறாம் நாள் கஷாயம் கொடுத்தவருக்குப் பேர் கிடைக்கும், அவ்வளவுதான்.

என் ஐயாவை உனக்கு நினைவிருக்கும், முகப்புத் திண்ணையில் சாய்ந்துகொண்டு நம் இருவரையும் கணக்குக் கேட்பாரே. அவர் பர்மாவில், பெகு பக்கம் ஒரு லேவாதேவிக் கடையில் அடுத்தாளாக, மேலாளுக்கு உதவியாக இருந்தவர். முதலாளிக்காகக் கடையை நடத்தும் மேலாளுக்கு மூன்று வருடக் கணக்கு. சம்பளச் சீட்டில் எழுதிக் கொடுத்துத்தான் கப்பல் ஏறுவார்கள். தவணை முடியும் முன்பே அடுத்த மேலாள் வந்து, பழையவரோடு கூடவே போய்க் கடன் வாங்கியவர்கள் முகத்தையெல்லாம் பார்த்துவிட்டுத்தான் பெட்டிச் சாவியை வாங்குவார் என்று ஐயா சொல்வார். 1930-இல் நெல் விலை சரிந்தது. முதலாளி ஊரிலிருந்து தந்தி அடித்து, தவணை நடுவிலேயே மேலாளைத் திருப்பி அழைத்துவிட்டார். புதிதாக வந்தவர் பேரேட்டில் புலி. ஆனால் எந்தக் குடியானவன் அறுவடை முடிந்ததும் தானே கொண்டுவந்து கட்டுவான், எவனை நெருக்கினால் ஊரைவிட்டே ஓடுவான் என்பது போனவர் தலைக்குள் இருந்தது. பேரேட்டில் அது ஏறவில்லை. வந்தவர் எல்லாரையும் ஒரே மாதிரி நெருக்கினார். பணம் வரவில்லை, நிலம் வந்தது. கடைக்கு வேண்டியது பணம், வயல் இல்லை. அந்த வயலும் பிற்பாடு கைவிட்டுப் போனது. "விலை சரிஞ்சது மேலாள் குத்தமாப்பா?" என்று ஐயா கடைசிவரை கேட்டுக்கொண்டிருந்தார். நாலு தோல்வியைப் பற்றி கமிட்டியில் பேச்சு வரும்போதெல்லாம் அந்தக் குரல்தான் எனக்குக் கேட்கிறது.

இப்போது மாற்றச் சொல்கிறவர்கள் வைத்திருக்கும் பெயர் வெளியூர்க்காரர். திறமையானவர், சந்தேகமில்லை. சனி ஞாயிறு மட்டும்தான் வர முடியும் என்கிறார். பையன்களில் ஒருவன் பெயர்கூட அவருக்குத் தெரியாது. பெயர் பழகுவதற்குள் நாலு ஆட்டமும் முடிந்துவிடும்.

பாயிண்ட் பட்டியலைப் பார்த்து இதை முடிவு செய்யக்கூடாது என்றுதான் தினமும் காலை ஐந்தரைக்கு கிரவுண்டுக்குப் போய் உட்கார்ந்தேன். பனி இறங்கி எதிர்க் கோல்போஸ்ட் தெரியாது. நாலு கோல் வாங்கிய மறு திங்கட்கிழமை எத்தனை பேர் வருகிறார்கள் என்று எண்ணினேன். இருபத்திரண்டு பேரில் பத்தொன்பது பேர். வராத மூவரில் ஒருவனுக்குக் காய்ச்சல். பிராக்டீஸ் முடிந்து எல்லாரும் போன பிறகும் தம்பி அந்தக் கீப்பர் பையனை மட்டும் நிறுத்திவைத்து அரை மணி நேரம் கார்னர் பந்தாகப் போட்டுக்கொண்டிருந்தான். எட்டரைக்கு அவன் அச்சகத்தில் இருக்க வேண்டும், ஈரச் சட்டையோடு சைக்கிளில் ஓடினான். இதைவிட எனக்கு முக்கியமாகப் பட்டது இன்னொன்று. ஸ்டாப்பர் பேக் பையன் மற்றவர்களைப் பார்த்து, "பந்தைப் பார்க்காதே, ஆளைப் பார்" என்று கத்தினான். அது தம்பியின் வார்த்தை. கோச்சின் வார்த்தை பையன்கள் வாயில் வருகிறவரை அவன்தான் அவர்களுக்குக் கோச். அது நின்றுபோன அன்றைக்கு, பட்டியலில் முதலிடத்தில் இருந்தாலும் மாற்றத்தான் வேண்டும். அன்றைக்கு நானே முதல் ஆளாகக் கை தூக்குவேன்.

இன்னொன்றும் எழுத வேண்டும். நாற்பது வருடமாக நாம் இருவரும் பேசாத விஷயம். 1983-இல் மூன்று ஆட்டம் தோற்றதும் கமிட்டி ஒரு தாளை நீட்டியது. அப்போது நம் கோச்சாக இருந்த மாஸ்டரை மாற்ற வேண்டும் என்று ஆட்டக்காரர்களே கேட்பது போல எழுதியிருந்தது. நீ கையெழுத்துப் போட்டாய், உனக்குக் கீழே நான் போட்டேன். மறுநாள் மாலை அவர் பந்துப் பையைத் துவைத்துக் காயவைத்து எடுத்துவந்தார். பம்பையும் ஊசியையும் அதற்குள் வைத்து, ஆல மரத்தடியில் வைத்துவிட்டுப் போனார். நாம் ஓடிக்கொண்டிருந்தோம், நிற்கவில்லை. புது ஆள் வந்து அடுத்த இரண்டு ஆட்டத்தையும் வென்றோம். நாம் செய்தது சரி என்று அப்போது எவ்வளவு நிம்மதி! அந்த இரண்டும் பட்டியலிலேயே பலவீனமான அணிகள் என்பது இப்போது யோசிக்கும்போதுதான் தெரிகிறது. மிச்ச ஆட்டமெல்லாம் தோற்றோம்.

மாஸ்டர் அப்புறம் அந்த கிரவுண்ட் பக்கமே வரவில்லை. பல வருடம் கழித்து கொப்புடையம்மன் கோயில் திருவிழாக் கூட்டத்தில் எதிரே வந்தார். நான் பேச வாய் திறப்பதற்குள், "கணுக்கால் இப்ப எப்படி இருக்கு?" என்று கேட்டார். எனக்கு அடிபட்டது 1982-இல். மன்னிப்புக் கேட்டிருக்க வேண்டும். கூட்டம் நகர்த்திக்கொண்டு போய்விட்டது. இன்று அவர் இல்லை. இந்தக் குற்றவுணர்வில்தான் நான் தம்பியைக் காப்பாற்றப் பார்க்கிறேன் என்று உனக்குத் தோன்றலாம். அதையும் யோசித்தேன். அதற்காகத்தான் தினமும் போய்ப் பார்த்தேன்.

ஞாயிற்றுக்கிழமை, சீசன் முடியும்வரை தம்பியே இருக்கட்டும் என்று சொல்லப் போகிறேன். சும்மா இல்லை. டிஃபென்ஸை நடுக்கோடு வரை ஏற்றுவதை இந்த நாலு ஆட்டத்துக்கும் விட்டுவிட வேண்டும் என்று அவனிடம் பேசிவிட்டேன். முகம் சுருங்கியது, ஆனால் சரி என்றான். கீப்பர் பையனுக்குத் தனியாகச் சொல்லிக்கொடுக்கப் பழைய கீப்பர் ஒருவரைக் கேட்டிருக்கிறேன், தேவகோட்டையிலிருந்து வாரம் இரண்டு நாள் வருகிறேன் என்று சொல்லியிருக்கிறார். சீசன் முடிந்த பிறகு உட்கார்ந்து, ஆற அமர, அவன் இருக்க வேண்டுமா வேண்டாமா என்று பேசலாம். மாற்றுவதானால் அப்போது புது ஆளுக்குப் பையன்களோடு பழக நாளும் கிடைக்கும். கீழ்ப் பிரிவுக்கு இறங்கிவிட்டால்? அந்தப் பழியில் என் பங்கை நான் ஏற்றுக்கொள்கிறேன். பையன்களிடம் யாரும் தாளை நீட்டக்கூடாது என்பதை மட்டும் முதலிலேயே சொல்லிவிடுவேன்.

இதற்கு மேலும் நீ மாற்றத்தான் வேண்டும் என்று நினைத்தால் சனிக்கிழமைக்குள் எழுது, அல்லது போன் பண்ணு. முழுக்கக் கேட்கிறேன்.

அப்புறம் ஒரு உதவி. அந்தக் கீப்பர் பையனின் கிளவுஸ் உள்ளங்கைப் பக்கம் கிழிந்து நூலாகத் தொங்குகிறது. பெரியமேட்டில் விளையாட்டுச் சாமான் கடைகளில் நல்லதாகக் கிடைக்கும். ஒன்பதாம் நம்பர். நம் பக்கத்து ஆள் யாராவது பல்லவனில் வந்தால் கொடுத்துவிடு, இரவு ஆனாலும் ஸ்டேஷனுக்கு நானே போய் வாங்கிக்கொள்கிறேன். அடுத்த ஆட்டம் பதினெட்டாம் தேதி.

தங்கச்சியையும் பிள்ளைகளையும் கேட்டதாகச் சொல்.

அன்புடன்,
உன் பழைய லெஃப்ட் பேக்