கிளைட் ரிவர் வழக்கு: ஒரு கடிதம்

அன்புள்ள செல்வராஜுக்கு,

இங்கு அனைவரும் நலம். மகளுக்கு வேலை உறுதியானதாக நீ எழுதியதைப் படித்து வீட்டில் எல்லோரும் மகிழ்ந்தோம். துருவப் பகுதி மக்களின் வளங்களைச் சட்டம் எங்கேனும் உண்மையில் காத்திருக்கிறதா என்று கேட்டிருந்தாய். கனடாவின் கிளைட் ரிவர் வழக்குதான் என் நினைவுக்கு வருகிறது.

பாஃபின் தீவின் கிழக்குக் கரையில், துருவப் பகுதிப் பூர்வகுடிகளான இன்யூட் மக்கள் ஏறத்தாழ ஆயிரம் பேர் வாழும் சிற்றூர் அது. கடைச் சாமான்கள் விமானத்திலும் கோடைக் கப்பலிலும் வந்துசேர வேண்டியிருப்பதால் விலை கட்டுப்படியாகாது. கடல்நாய், நார்வால் திமிங்கலம், பனிக்கரடி ஆகியவற்றின் இறைச்சியே பலருக்கு உணவு. கனடா அரசுடன் செய்துகொண்ட 1993ஆம் ஆண்டின் நூனாவுட் ஒப்பந்தத்தில், நிலத்தின் மீதிருந்த பூர்விக உரிமையை விட்டுக்கொடுத்து இன்யூட் மக்கள் ஈடாகப் பெற்றவற்றுள் இந்த வேட்டை உரிமையும் ஒன்று.

பாஃபின் விரிகுடாவிலும் டேவிஸ் நீரிணையிலும் எண்ணெய் வளம் தேடி, அழுத்தக் காற்றை நீருக்குள் வெடிக்கச் செய்யும் ஆய்வுக்குச் சில நிறுவனங்கள் அனுமதி கேட்டன. அந்த ஓசை திமிங்கலங்களை என்ன செய்யும் என்று 2013இல் நடந்த கூட்டங்களில் ஊரார் கேட்டதற்கு நேரான பதில் வரவில்லை. பின்னர் அந்த நிறுவனங்களிடமிருந்து வந்தது 3,926 பக்க ஆவணம். இணைய வேகம் குறைந்த அந்த ஊரில், முன்னாள் மேயராலேயே அதைத் தரவிறக்கிக்கொள்ள முடியவில்லை. ஊராரின் இனுக்டிட்டுட் மொழியில் அதன் சிறு பகுதி மட்டுமே கிடைத்தது. இருந்தும் 2014இல் தேசிய எரிசக்தி வாரியம் 5 ஆண்டுகளுக்கு அனுமதி வழங்கிவிட்டது. கேட்டவன் படிக்க முடியாதபடி பதில் தருவதும் பதில் மறுப்பதும் எனக்கு ஒன்றாகவே படுகின்றன.

ஊரார் தொடுத்த வழக்கில், 2017 ஜூலை 26 அன்று கனடா உச்ச நீதிமன்றம் அந்த அனுமதியை ஒருமனதாக ரத்து செய்தது. சுற்றுச்சூழலுக்கு என்ன கேடு என்று பார்த்தால் மட்டும் போதாது, ஒப்பந்த உரிமைக்கு என்ன கேடு என்பதையே ஆராய்ந்திருக்க வேண்டும் என்று தீர்ப்பு சொல்வதுதான் இதில் முக்கியம். ஆனால் இதைப் பெரிதாகக் கொண்டாடவும் எனக்கு மனம் வரவில்லை. அதே நாளில், ஒன்டாரியோவில் எண்ணெய்க் குழாய்த் திட்டம் ஒன்றை எதிர்த்த தேம்ஸ் ஆற்றுச் சிப்பேவா பூர்வகுடி மக்கள் தோற்றார்கள். கலந்துபேசும் கடமை அரசுக்கு உண்டு, ஆனால் ‘வேண்டாம்’ என்று தடுத்துவிடும் அதிகாரம் மக்களுக்கு இல்லை என்பதே அங்குள்ள சட்ட நிலை.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். கிளைட் ரிவருக்குத் துணை நின்ற கிரீன்பீஸ் சுற்றுச்சூழல் அமைப்புதான், முன்பு கடல்நாய் வேட்டைக்கு எதிராகப் பிரசாரம் செய்து இன்யூட் மக்களின் தோல் வியாபாரம் படுத்துப்போகக் காரணமானது. 2014இல் அதற்காக மன்னிப்பும் கேட்டது. அந்தப் பழைய கசப்பை ஒதுக்கிவைத்து ஊரார் அந்த உதவியை ஏற்றுக்கொண்டதை நான் பெரிதாக மதிக்கிறேன்.

தீர்ப்பின் நகலை இத்துடன் அனுப்பியிருக்கிறேன். வழக்கறிஞர் கண்ணோடு படித்து, எங்கே ஓட்டை இருக்கிறது என்று எழுது.

அன்புடன்,
முத்துக்குமார்