பெண்பிள்ளைகளுக்கான பந்துவீச்சுத் தடம்: நன்கொடை வேண்டுகோள்

அன்புடையீர்,

வணக்கம். தெற்குக் கலிஃபோர்னியாவின் லேக்வுட், லாங் பீச் சுற்றுவட்டாரத்தில் வாழும் நம் குடும்பங்களின் பெண்பிள்ளைகள் சாஃப்ட்பால் (பேஸ்பால் போன்ற ஆட்டம்) ஆடும் பூங்காவில், பிட்சர்களுக்கென (பந்து வீசுபவர்களுக்கென) இரண்டு பயிற்சித் தடங்கள் அமைப்பதற்காகப் பெற்றோர் குழுவினராகிய நாங்கள் உங்கள் உதவியை நாடுகிறோம். பூங்கா நிர்வாகம் இடம் தர இசைந்துவிட்டது; செலவை நாம்தான் ஏற்க வேண்டும்.

ஆடுகளம் இருக்கும்போது தனித் தடம் எதற்கு என்று கேட்பவர்களுக்கு, இதே லேக்வுட்டில் உயர்நிலைப் பள்ளியில் படித்து, பின்னர் அமெரிக்காவுக்காக ஒலிம்பிக் தங்கம் வென்ற பிட்சர் லீசா ஃபெர்னாண்டஸின் கதையைச் சொல்லி வருகிறோம். எட்டு வயதில் அவர் முதன்முதலாகப் பந்து வீசிய ஆட்டத்தில் அவரது அணி 28-0 என்று தோற்றது. பன்னிரண்டு வயதில், அனுபவமுள்ள பயிற்சியாளர் ஒருவர், உடல்வாகும் கை நீளமும் போதாது, இந்தப் பெண் பெரிய பிட்சராக வரமாட்டாள் என்று சொல்லிவிட்டார். அந்தச் சொல்லை ஏற்காமல் வீசிக்கொண்டே இருந்த அவர், 1990 முதல் 1993 வரை யூசிஎல்ஏ பல்கலைக்கழக அணிக்காக 93 ஆட்டங்களில் வெற்றி கண்டு, ஏழில் மட்டுமே தோற்றார். 1990, 1992 ஆகிய ஆண்டுகளில் அவ்வணி தேசியப் பட்டம் வென்றது. 1993இல் பந்துவீச்சில் மட்டுமன்றி, .510 என்ற சராசரியுடன் (அதாவது, பாதிக்கும் மேற்பட்ட முறை வெற்றிகரமாக அடித்து) மட்டை வீச்சிலும் நாட்டின் முதலிடம் அவருக்கே கிடைத்தது.

அவர் வாழ்வில் எங்கள் பிள்ளைகளுக்கு நாங்கள் அடிக்கடி சொல்வது வெற்றியை அல்ல. 1996இல், ஒலிம்பிக்கில் சாஃப்ட்பால் முதன்முதலாக இடம்பெற்ற அட்லாண்டாவில், ஆஸ்திரேலியாவுக்கு எதிராக நடந்த ஆட்டத்தை. ஒருவரைக்கூடத் தளத்துக்குச் செல்ல விடாமல் தொடர்ந்து 29 பேரை ஆட்டமிழக்கச் செய்திருந்தார் ஃபெர்னாண்டஸ். பத்தாவது இன்னிங்ஸில், கூடுதல் இன்னிங்ஸுக்கான விதிப்படி இரண்டாம் தளத்தில் நிறுத்தப்பட்ட ஓர் ஓட்டக்காரர் இருக்க, அமெரிக்கா 1-0 என்று முன்னிலையில் இருக்க, வெற்றிக்கு இன்னும் ஒரே ஒரு ஸ்ட்ரைக் (மட்டையாளர் அடிக்கத் தவறும் சரியான பந்து) தேவைப்பட்ட நிலையில், ஆஸ்திரேலியாவின் ஜோஆன் பிரவுன் பந்தை வேலிக்கு அப்பால் அடித்தார்; ஆட்டம் 2-1 என்று கைநழுவிப் போனது. சில நாட்களில் சீனாவுக்கு எதிரான இறுதி ஆட்டத்தை முடித்துவைத்து, அமெரிக்காவுக்குத் தங்கம் கிடைக்க வந்து நின்றவரும் ஃபெர்னாண்டஸ்தான். 2000, 2004 ஆண்டுகளிலும் தங்கம் தொடர்ந்தது.

பின்னர் அவர் யூசிஎல்ஏவிலேயே பயிற்சியாளரானார். அங்கு தலைமைப் பயிற்சியாளரான கெலி இனோவே-பெரஸ், கல்லூரிக் காலத்தில் அவருடைய பந்துகளைப் பிடித்த கேட்சர் என்பது எங்களுக்கு மிகவும் பிடித்த செய்தி. இருவரும் பயிற்சியாளர்களாகச் சேர்ந்து பணியாற்றிய காலத்தில் 2010, 2019 ஆண்டுகளின் பட்டங்களும் அப்பல்கலைக்கழகத்துக்கு வந்தன. வீசுபவரும் பிடிப்பவரும் எதிரெதிரே நின்று ஆயிரக்கணக்கான முறை ஒரே அசைவைச் செய்து பார்க்க ஓர் இடம் வேண்டும் என்பதுதான் இதில் எங்களுக்குத் தெரியும் செய்தி.

நம் பிள்ளைகளுக்கு இப்போது அந்த இடம் வாகன நிறுத்துமிடம்தான். ஓர் அப்பா பந்து வாளியைக் கவிழ்த்துப் போட்டு அதன்மேல் அமர்ந்து பிடிக்கிறார். பின்னால் நிற்கும் வண்டிகளை நினைத்து, மகள் முழு வேகத்தில் வீசத் தயங்குகிறாள். காற்றாலை போல் கையை முழு வட்டமாகச் சுழற்றி, இடுப்பருகே மணிக்கட்டைச் சொடுக்கி விடும் இந்த வீச்சைத் தயக்கத்துடன் பழகினால் பந்து மேலேயோ தரையிலோதான் போகும். கிரிக்கெட்டில் மட்டுமே பழகிய எங்களில் பலருக்கு இதைக் கற்றுத்தரவும் தெரியவில்லை. ஆகவே நிதியில் ஒரு பகுதி, கல்லூரி அளவில் வீசிய ஒருவரை வாரம் ஒரு மாலை வரவழைக்கப் பயன்படும்.

ஒவ்வொரு தடத்திலும் ஹோம் பிளேட்டிலிருந்து (மட்டையாளர் நிற்கும் இடத்துத் தட்டிலிருந்து) 35, 40, 43 அடிகளில் வீசும் பலகைகள் பதிக்கப்படும். பத்து வயதுக்கு உட்பட்டோர், பன்னிரண்டுக்கு உட்பட்டோர், அதற்கு மேற்பட்டோர் ஆகிய மூன்று பிரிவினரும் இதனால் ஒரே தடத்தைப் பயன்படுத்த முடியும். பின்புறம் உயரமான கம்பிவலை வேலியும், இரு தடங்களுக்கும் நடுவே தொங்கும் வலையும், செம்மண் பரப்பும் தேவை.

குடும்பத்துக்கு 50 டாலர் என்று கோருகிறோம். இயன்றவர்கள் கூடுதலாகவும், இயலாதவர்கள் குறைவாகவும் தரலாம். யார் எவ்வளவு தந்தார்கள் என்ற பட்டியல் வெளியிடப்படாது. ஆனால் வரவு செலவுக் கணக்கு மாதந்தோறும் அனைவருக்கும் அனுப்பப்படும். காசோலைகளைக் குழுவின் பொருளாளரிடம் ஆட்டநாட்களில் நேரில் கொடுத்து ரசீது பெற்றுக்கொள்ளலாம். பணமாகத் தர இயலாதவர்கள், சனிக்கிழமை காலைகளில் மண் பரப்பவும் வேலிக்கம்பம் நடவும் வந்தால் அதையும் நன்கொடையாகவே ஏற்போம். பிள்ளைகள் வளர்ந்ததால் சிறிதாகிப் போன கையுறைகளும் கேட்சர் முகக்கவசங்களும் வீட்டில் கிடந்தால் மறவாமல் கொண்டு வாருங்கள்.

இங்ஙனம்,
தடம் அமைப்புக் குழுவினர்