எல்லாப் பழியும் அம்மா தலையில்தானா?

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற ஞாயிறு இணைப்பில் பால் பற்கள் பற்றிய கட்டுரையைப் படித்தேன். “பிள்ளைகளின் பல் கெட ஒரே காரணம் தாய்மார்களின் அலட்சியம்தான், கேட்டதும் மிட்டாய் வாங்கிக் கொடுத்துவிடுகிறார்கள்” என்று ஒரு வரி. ஒரே காரணமாம்! அதே பக்கத்தில் கீழே கால் பக்கத்துக்கு சாக்லேட் விளம்பரம். அதில் அலட்சியம் எதுவும் இல்லை போலும்.

ஆசிரியருக்குத் தெரியாததா? பால் பல் வெளியே தலைகாட்டுவதுதான் ஆறேழு மாதத்தில். முன்பற்களின் எனாமல், அதாவது பல்லின் கெட்டியான வெளிப்பூச்சு, அம்மாவுக்கு நான்காம் மாதம் நடக்கும்போதே வயிற்றுக்குள் படியத் தொடங்கிவிடுகிறது. அதைப் படியவைக்கும் செல்கள் வேலை முடிந்ததும் அழிந்துபோகும். எலும்பு முறிந்தால் கூடும். எனாமல் குறைந்தால் குறைந்ததுதான். அந்த மாதங்களில் தாய்க்கு வைட்டமின் டி குறைந்தாலோ, சர்க்கரை நோய் இருந்தாலோ, பிள்ளை குறைமாதத்தில் பிறந்தாலோ எனாமலில் குறை வரும் வாய்ப்பு கூடுகிறது. இதில் எது அலட்சியம்?

என் மகள் அண்டி ஆபீசில், அதாவது முந்திரிப் பருப்பு ஆலையில், வேலை பார்த்தவள். விடியும்போது உள்ளே போனால் பொழுது சாயும்போதுதான் வெளியே வருவாள். வைட்டமின் டி தரும் வெயில் மேலே பட்டதே இல்லை. மசக்கையில் சாளை மீன் கறி மணத்தாலே குமட்டும். பேத்தி குறைமாதத்தில் பிறந்தாள். மேல் முன்பற்கள் வரும்போதே மஞ்சளாக, ஒரே வரிசையில் சின்னச் சின்னக் குழிகளோடு வந்தன. நகத்தை வைத்தால் தடுக்கும். தாய்ப்பாலையும் ஏத்தங்காய் (நேந்திரங்காய்)ப் பொடிக் கூழையும் தவிர வேறு ருசி அறியாத வயது. அப்புறம் பல் நுனி பொடிந்து உதிர, மருத்துவமனைக்குக் கொண்டுபோனோம். அங்கிருந்த பல் டாக்டர் வாயைச் சரியாகப் பார்க்கும் முன்பே, “ஏம்மா, மிட்டாய் கொடுத்தே பிள்ளையைக் கெடுத்துட்டியா?” என்றார். வரிசையில் நின்ற அத்தனை பேரும் என் மகளைப் பார்த்தார்கள். பிறகு திருவனந்தபுரத்தில் இன்னொருவர்தான், பல் உருவாகும்போதே வந்த குறை இது என்று சொல்லி, பல்லைக் காக்கும் ஃப்ளோரைடு வார்னிஷ் பூசி அனுப்பினார். மிட்டாய் நல்லது என்று நான் வாதாட வரவில்லை. எனாமல் மெலிந்த பல்லைச் சர்க்கரை சீக்கிரம் தின்றுவிடும். ஆனால் அதை மெலிய வைத்தது மிட்டாய் அல்லவே!

அங்கன்வாடியில் பிள்ளைகளுக்கு எடை போட்டே தலை நரைத்தவள் நான். நான்காம் மாதத்திலிருந்து கர்ப்பிணிக்குத் தினமும் இரண்டு கால்சியம் மாத்திரை கொடுக்க வேண்டும் என்பது அரசு வழிகாட்டுதல். இரும்புச் சத்து மாத்திரையையும் கால்சியத்தையும் சேர்த்து விழுங்கக் கூடாது, இடைவெளி வேண்டும். எங்கள் பக்கம் இரண்டையும் ஒரே கவரில் போட்டுக் கையில் திணித்து அனுப்புகிறார்கள். அதுவும் இருப்பு இருக்கும் மாதத்தில். இதைப் பற்றி முன்பு உங்களுக்கு ஒரு நீண்ட கடிதம் எழுதினேன். இரண்டு வரியாக வெட்டி, ‘மாத்திரை தேவை’ என்று தலைப்புக் கொடுத்தீர்கள். மிக்க நன்றி. 1956 நவம்பர் 1-இல் தமிழ்நாட்டோடு சேர்ந்த மாவட்டம் இது. உங்கள் பத்திரிகையில் மட்டும் இன்னும் சூரிய உதயமும் திருவள்ளுவர் சிலையும்தான் குமரி. மகப்பேறு உதவி 18,000 ரூபாய் என்று கொட்டை எழுத்தில் போடுகிறீர்கள், நல்லது. அந்தத் தவணை வங்கிக் கணக்கில் ஏறாமல் பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு அலைகிறவர்களைப் பற்றியும் கொஞ்சம் போடலாம்.

டென்மார்க்கில் கர்ப்பிணிகள் ஒரு பிரிவினருக்கு 24-ஆம் வாரத்திலிருந்து தினமும் 2,800 யூனிட் வைட்டமின் டி கொடுத்தார்கள். மற்றவர்களுக்கு வழக்கமான 400 யூனிட். ஆறு வயதில் பார்த்தபோது, கூடுதலாகப் பெற்ற தாய்மாரின் பிள்ளைகளிடம் எனாமல் குறை ஏறக்குறைய பாதிதான். 2019-இல் வெளியான ஆய்வு. அதற்காக யாரும் தாங்களாக வாங்கி விழுங்க வேண்டாம், டாக்டர் சொல்லட்டும். கட்டுரை எழுதியவர் இதைத் தேடிப் படிக்க எத்தனை நேரம் ஆகும்?

நான் கேட்பது பெரிதாக ஒன்றுமில்லை. ‘ஒரே காரணம்’ என்பதற்கு ஒரு சின்னத் திருத்தம் போடுங்கள். முதல் பல் வந்ததுமே பிள்ளையின் வாயை டாக்டரிடம் காட்டச் சொல்லியும் ஒரு வரி சேருங்கள். இந்தக் கடிதத்தையும் வெட்டித்தான் ஆக வேண்டுமென்றால் இது வேண்டாம், திருத்தம் மட்டும் வந்தால் போதும்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற அங்கன்வாடிப் பணியாளர்,
திருவட்டாறு, கன்னியாகுமரி மாவட்டம்.