ஜப்பானியச் சமையற்கலைஞர் நோபு மட்சுஹிசா அவர்களுக்கு ஒரு கடிதம்

மதிப்பிற்குரிய நோபு மட்சுஹிசா அவர்களுக்கு,

வணக்கம். பல ஆண்டுகள் கழித்து, பெவர்லி ஹில்ஸின் லா சியெனகா சாலையில் உள்ள உங்கள் ‘மட்சுஹிசா’ உணவகத்தில் அண்மையில் மீண்டும் உணவருந்தினேன். 1987இல் நீங்கள் அங்கே தொடங்கிய அந்தச் சிறிய உணவகத்திலிருந்துதான், உங்கள் பெயர் தாங்கிய உணவகங்களும் விடுதிகளும் பின்னாளில் உலகெங்கும் கிளைத்தன. இடைப்பட்ட காலத்தில் உங்களைப் பின்பற்றிச் சமைக்கும் பல இடங்களில் சாப்பிட்டிருந்ததால், பழைய சுவையை என் நினைவு மிகைப்படுத்தி வைத்திருக்குமோ என்ற ஐயத்துடனேயே போய் அமர்ந்தேன்.

மிசோ என்னும் புளிக்கவைத்த சோயா விழுதில் ஊறிய பிளாக் காட் மீன் வந்ததும் ஐயம் தீர்ந்தது. மீனை மிசோவில் ஊறவைத்துச் சுடுவது ஜப்பானில் பழைய வழக்கம்தான். சாக்கே என்னும் அரிசி மதுவையும் மிரின் என்னும் இனிப்பான சமையல் மதுவையும் கொதிக்கவைத்து, அதில் வெள்ளை மிசோவையும் சர்க்கரையையும் கரைத்து, கொழுப்பு மிகுந்த அந்த வட பசிபிக் மீனை இரண்டு மூன்று நாள் ஊறவிடும் உங்கள் முறையை இன்று எத்தனையோ சமையற்கூடங்கள் கையாள்கின்றன. ஆனால், பிற இடங்களில் இனிப்பு பெரும்பாலும் மேலே பூசிய சாறாகவே நின்றுவிடுகிறது. நாள்கணக்கில் ஊற வேண்டியதைச் சில மணி நேரத்தில் முடித்துவிடுவதே காரணம் என்று நினைக்கிறேன். உங்கள் உணவகத்திலோ அந்த இனிப்பு மீனுக்குள் இறங்கி, விளிம்பில் கருகிய இடத்தின் இலேசான கசப்போடு சேர்ந்து, சதை இதழ் இதழாகப் பிரியும்போதுதான் நாவுக்குத் தெரிந்தது.

எலுமிச்சைப் புளிப்பும் ரொக்கோட்டோ மிளகாயும் கொத்தமல்லித்தழையுமாக வந்த டிராடிட்டோ என்னும் பெரு நாட்டுப் பச்சை மீன் உணவும் அப்படியே இருந்தது. டோக்கியோவின் ஷின்ஜுகுவில் சுஷி பயின்ற நீங்கள் 1973இல் பெருவின் லீமாவுக்குப் போயிராவிட்டால் இந்தத் தட்டு பிறந்திருக்காது. அதன்பின் அலாஸ்காவின் ஆங்கரேஜில் நீங்கள் திறந்த உணவகம் சில வாரங்களிலேயே தீக்கிரையானது. எல்லாவற்றையும் இழந்த ஒருவர் லாஸ் ஏஞ்சலிஸில் மீண்டும் கத்தியை எடுத்தார் என்பதை நினைக்கும்போதெல்லாம் உங்கள்மீது எனக்குள்ள மதிப்பு கூடுகிறது.

எனினும், நான் எழுத வந்தது, பச்சை மீனை மெல்லியதாக நறுக்கிப் பரிமாறும் சஷிமிக்கு நீங்கள் தந்த புது வடிவமான ‘நியூ ஸ்டைல் சஷிமி’யைப் பற்றி. பச்சை மீன் உண்ண இயலாது என்று ஒரு பெண்மணி தட்டைத் திருப்பி அனுப்பியபோது, நீங்கள் வேறு உணவு சமைக்கவுமில்லை, அவரை வற்புறுத்தவுமில்லை. ஆலிவ் எண்ணெயைச் சூடாக்கி, மெல்லிய மீன் துண்டுகளின் மேல் ஊற்றி, மேற்புறம் மட்டும் வெந்த நிலையில் மீண்டும் அவரிடமே அனுப்பினீர்கள். எதிரே இருக்கும் ஒருவருக்காக, அந்த நொடியில் பிறந்த உணவு அது. நடிகர் ராபர்ட் டி நீரோ உங்களுக்காக ஆண்டுக்கணக்கில் காத்திருந்து, 1994இல் நியூயார்க்கில் உங்களோடு ‘நோபு’வைத் திறந்ததும் இந்தக் கைத்திறனை அறிந்ததால்தான் என்று நம்புகிறேன்.

இன்று உங்கள் உணவுகளின் அளவும் முறையும் எழுதப்பட்டு, கண்டங்கள் கடந்து ஒரே மாதிரி சமைக்கப்படுகின்றன. அத்தனை ஊர்களில் தரம் காக்க அது தேவைதான். ஆனால், லா சியெனகாவில் மட்டுமாவது, ஒரு தட்டு திரும்பி வந்தால் பட்டியலைப் புரட்டாமல், தம் விருப்பப்படி ஏதேனும் செய்து பார்க்கும் உரிமையை உங்கள் இளம் சமையற்கலைஞர்களுக்குக் கொடுத்து வையுங்கள் என்று கேட்டுக்கொள்கிறேன்.

அன்புடன்,
உங்கள் உணவை நேசிக்கும் ஒருவர்