என் ஆய்வுப் பட்டியலில் பெயர் வராதவர்களுக்கு ஒரு நன்றி மடல்

அன்புள்ள ஆசிரியர்களே, நண்பர்களே, உடன் உழைத்தவர்களே,

வணக்கம். என் ஆய்வுக் கட்டுரைகளை அண்மையில் ஒரே தொகுப்பாக வரிசைப்படுத்தி முடித்தேன். முன்பாதி முழுக்க வினையூக்கிகள், பின்பாதி முழுக்க வளிமண்டல வாயுக்களின் நிறமாலை. புதிதாகப் பார்ப்பவருக்கு இரண்டு பேருடைய பட்டியல்களை ஒட்டிவைத்ததுபோல் தோன்றும். அந்த இரண்டையும் கோத்துக் கொடுத்தவர்கள் நீங்கள். கட்டுரைகளின் கடைசியில் உங்களுக்கு ஒரு வரிதான் கிடைத்தது. அது போதாது என்பது என் நெடுநாள் மனக்குறை.

கண்ணாடிப் பட்டறை அண்ணனிடமிருந்து தொடங்குகிறேன். வினையூக்கித் தூளை 400 டிகிரி வரை சூடாக்க வேண்டும், அதே வேளையில் அகச்சிவப்புக் கதிர் அதன் ஊடே போக வேண்டும். எங்களுக்குத் தேவையான கதிரைச் சாதாரணக் கண்ணாடி விடாது என்பதால் சன்னல்களைக் கால்சியம் ஃபுளூரைடில் வைத்தோம். அதுவோ சட்டென்று சூடேறினால் விரிசல் விடும். அண்ணன் சூடாகும் பகுதியைக் குவார்ட்சில் ஊதி, சன்னல்களைத் தள்ளிவைத்து, சுற்றிலும் தண்ணீர் ஓட வழிசெய்தார். "சூடு அந்தப் பக்கம் போகாம நான் பாத்துக்கறேன் தம்பி, நீங்க வாயுவைப் பாருங்க" என்றார். பிளாட்டினத்தின் மேல் கார்பன் மோனாக்சைடு ஒரே அணுவில் நிமிர்ந்து நிற்கிறதா (ஒரு சென்டிமீட்டரில் எத்தனை அலைகள் என்னும் அலையெண்ணில் 2,080-ஐ ஒட்டி), இரண்டு அணுக்களுக்கு நடுவே பாலமாக அமர்கிறதா (1,850-ஐ ஒட்டி) என்று நாங்கள் கண்டதெல்லாம் அவர் செய்த கலத்தில்தான்.

அந்த 1,850 பக்கம்தான் நீராவி ஒளியை உறிஞ்சும் கோடுகளும் முள்முள்ளாக நிற்கும். கருவிப் பொறுப்பிலிருந்த அக்கா உலர்காற்றை நிறுத்தாமல் ஓடவிட்டு, உணரிக்குத் திரவ நைட்ரஜன் தீராமல் பார்த்துக்கொண்டார். மிஞ்சிய நீராவிக் கோடுகளைக் கணக்கில் கழித்துவிடுவோம். பக்கத்து ஆய்வகத்தின் வளிமண்டலப் பேராசிரியர் ஒருநாள் அந்தத் தாளைப் பார்த்துவிட்டு, "நீங்க கழிச்சுப் போடறதைத்தான் நாங்க அளந்துட்டு இருக்கோம்" என்றார். பேராசிரியர் அம்மா, என் பின்பாதி அந்தச் சொல்லில் பிறந்தது. அழுத்தம் கூடினால் ஒரு கோடு ஏன் அகலமாகிறது என்பதிலிருந்து எனக்குப் பாடம் எடுத்தீர்கள்.

அந்தப் பாடம் சீக்கிரமே கைகொடுத்தது. டீசல் புகையின் நைட்ரஜன் ஆக்சைடுகளை அம்மோனியாவால் நைட்ரஜனாக மாற்றும் செம்பு–சியோலைட் வினையூக்கி (சியோலைட் என்பது நுண்துளைகள் நிறைந்த கனிமம்), பக்கவிளைவாகக் கொஞ்சம் நைட்ரஸ் ஆக்சைடையும் விடுகிறது. நூறாண்டு காலத்துக்குக் கணக்கிட்டால் அதே எடைக் கார்பன் டை ஆக்சைடைவிட 273 மடங்கு வெப்பமூட்டும் வாயு அது. 'கொஞ்சம்தானே' என்று விட முடியாது. அதை அளக்க, 99.99 சதவீதம் ஒளியைத் திருப்பும் இரண்டு ஆடிகளுக்கு இடையே லேசரை ஓடவிட்டோம். ஒரு மீட்டர் குழாயில் ஒளி 10 கிலோமீட்டர் நடந்துவிடும். ஆனால் ஆடியில் ஒரு தூசு பட்டாலும் போச்சு. மெத்தனால் ஒரு சொட்டு விட்ட தாளை ஓரத்திலிருந்து ஓரம்வரை ஒரே இழுப்பாக இழுத்து உடனே எறிந்துவிட வேண்டும், அதே தாள் மறுபடி படக்கூடாது. இதை அவ்வளவு பொறுமையாகச் செய்த என் மாணவியின் கைகளுக்குத் தனியாக ஒரு வணக்கம்.

இதழுக்காக எங்கள் கட்டுரையைப் பரிசீலித்த, பெயர் தெரியாத மதிப்பீட்டாளருக்கும் நன்றி. வெளிவரும் நைட்ரஜனின் இரண்டு அணுக்களும் எங்கிருந்து வருகின்றன என்று கேட்டு, வழக்கமான நைட்ரஜன்-14-ஐவிடச் சற்றே கனமான நைட்ரஜன்-15 இட்ட நைட்ரிக் ஆக்சைடில் சோதனையைத் திரும்பச் செய்யச் சொன்னீர்கள். செலவு அதிகம்தான், ஆனால் நிறை 29-இல் (14-உம் 15-உம் சேர்ந்தது) எழுந்த முகடு வாதத்துக்கே இடம் வைக்கவில்லை. ஓர் அணு அம்மோனியாவிலிருந்து, மற்றது நைட்ரிக் ஆக்சைடிலிருந்து. அந்தக் கட்டுரையின் உயிரே நீங்கள் கேட்ட அந்தக் கேள்விதான்.

அப்புறம், எந்த வாயு எந்த அலையெண்ணில் ஒளியை உறிஞ்சும் என்று பட்டியலிடும் ஹைட்ரான் (HITRAN) தரவுத்தளத்தைக் காப்பவர்கள். 1973-இல் முதல் பதிப்பு வந்ததிலிருந்து கோடு கோடாகச் சேர்த்து, சரிபார்த்து, யாரும் எடுத்துக்கொள்ளும்படி வைத்திருக்கிறார்கள். என் பின்பாதிக் கட்டுரைகளில் அதைத் தொடாத ஒன்றுகூட இல்லை. இப்படிப்பட்ட உழைப்புக்கு விருதுகள் குறைவாகவே வருகின்றன. எனக்கு அதில் வருத்தம் உண்டு.

இரவு நேர அளவீடுகளைப் பொறுத்துக்கொண்ட வீட்டாருக்கும், சிலிண்டர்களைப் பத்திரமாக ஏற்றி இறக்கியவர்களுக்கும் என் நன்றி.

அண்ணனின் அந்தக் கலத்துக்கான வரைபடத்தை அவர் சம்மதத்தோடு பொதுவில் வைக்கிறேன். செய்துபார்க்க விரும்பும் மாணவர்கள் தாராளமாக எடுத்துக்கொள்ளுங்கள். அவர் பெயரை அவர் விருப்பப்படியே இங்கே போடவில்லை.

நன்றியுடன்,
உங்கள் வேதியியலாளன்